பேனாவில் வரைந்த படத்தை ஸ்கேன் செய்து கணினியில் வண்ணம் தீட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாளில் கறுப்பு மையால் வரைந்த படத்தைக் கணினிக்குள் கொண்டுவந்து வண்ணம் போடுவது பற்றி, கதைகளுக்குப் படம் வரைகிறவர்களும் புதிதாக வரையத் தொடங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. பதில்களில் பெரும்பாலும் ஒரே படத்தையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். சிறுவர் கதை ஒன்றுக்கு ஏ4 தாளில் வரைந்தது: வேப்பமரத்தடியில் இளநீர் வண்டி, மூன்று சக்கர சைக்கிள், குலை குலையாக இளநீர், அரிவாளுடன் ஒரு பெரியவர், காசை நீட்டும் ஒரு சிறுமி. சக்கரக் கம்பிகளும் வேப்பிலைகளும் இருப்பதால் வண்ணம் போடுகிறவரைக் கொஞ்சம் சோதிக்கும் படம்.

நேரடியாக டேப்லெட்டிலேயே வரைந்துவிட்டால் இந்த ஸ்கேன் வேலையே மிச்சமாகுமே?

மிச்சம்தான். அப்படி வரையக் கை பழகியவர்கள் தாராளமாக வரையலாம். ஆனால் நிப் பேனாவை அழுத்தும்போது கோடு தடிப்பதும், தூக்கும்போது மெலிவதும், மை தாளில் லேசாக ஊறி விளிம்பு சிலிர்ப்பதும் கண்ணாடித் திரையில் அவ்வளவு எளிதாக வருவதில்லை. அந்தக் கோட்டுக்காகத்தான் தாளில் வரைகிறோம். அதனால் கீழே சொல்லும் எல்லாவற்றிலும் எனக்கு இருக்கும் கவலை ஒன்றுதான்: கோடு சேதமில்லாமல் அச்சு வரை போய்ச் சேர வேண்டும். வண்ணம் பிடிக்கவில்லை என்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஸ்கேனில் அறுந்துபோன கோட்டை மறுபடி உயிரோடு கொண்டுவருவது கஷ்டம்.

ஸ்கேனர்தான் வேண்டுமா, போன் கேமரா போதாதா?

அச்சுக்கு என்றால் ஸ்கேனர். வீட்டில் இருக்கும் ஆல்-இன்-ஒன் பிரிண்டரின் ஸ்கேனரே ஏ4 லைன் டிராயிங்குக்குப் போதும். ஸ்கேனர்களில் இரண்டு வகை உண்டு. மெல்லிசாக இருப்பவை பெரும்பாலும் சிஐஎஸ் வகை. கண்ணாடியோடு ஒட்டிப் படிந்திருப்பதை மட்டுமே கூர்மையாக எடுக்கும். மை வாஷ் (தண்ணீர் கலந்த மைப்பூச்சு) போட்டதால் தாள் நெளிந்திருந்தால், எழும்பிய இடம் மங்கிவிடும். சிசிடி வகை கனமானது, உள்ளே லென்ஸ் வைத்தது, அந்த நெளிவைச் சமாளிக்கும். சிஐஎஸ் மட்டும்தான் இருக்கிறது என்றால் தாளை இரண்டு நாள் கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்துவிட்டு எடுங்கள்.

இணையத்தில் போட மட்டும் என்றால் போன் போதும். தாளைச் சுவரில் சமமாக ஒட்டி, நேர் வெயில் விழாத ஜன்னல் வெளிச்சத்தில், சற்றுத் தள்ளி நின்று எடுங்கள். மிக அருகில் போய் எடுத்தால் ஓரத்துக் கோடுகள் வளைந்துபோகும். ஸ்கேன் செயலிகளைத் தவிர்த்துவிடுங்கள். அவை ரசீதையும் ஆவணத்தையும் தெளிவாக்குவதற்கென்று உருவானவை. பின்னணியை வெளுக்கிற வேகத்தில் சிறுமியின் இமை முடியையும் சேர்த்து வெளுத்துவிடும்.

கடையில் கொடுத்து ஸ்கேன் எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் ஜெராக்ஸ் கடையிலோ டிடிபி சென்டரிலோ ஒன்றும் சொல்லாமல் நீட்டினால் ஆவணத்துக்கான செட்டிங்கில் எடுத்து பிடிஎஃப் ஆகக் கொடுத்துவிடுவார்கள். மூன்று விஷயம் சொல்லுங்கள்: 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு), கலர், டிஃப் அல்லது பிஎன்ஜி கோப்பு. அப்புறம், தாளை மேலே உள்ள ஃபீடரில் செருகவிடாதீர்கள். உருளை இழுக்கும்போது பென்சில் தடம் இழுபடும், தாளும் மடங்கக்கூடும். கண்ணாடியில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். கண்ணாடியை ஒருமுறை துடைத்துவிட்டு எடுக்கச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

டிபிஐ எவ்வளவு வைப்பது?

கறுப்புக் கோட்டுப் படத்துக்கு 600. காரணத்தையும் சொல்கிறேன், அது தெரிந்தால் எந்த அளவுப் படத்துக்கும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்வீர்கள்.

ஏ4 தாளை 300 டிபிஐ-யில் எடுத்தால் 2480 × 3508 பிக்சல் கிடைக்கும். 600-இல் 4960 × 7016, அதாவது கிட்டத்தட்ட மூன்றரைக் கோடி பிக்சல். புகைப்படத்துக்கு 300 போதும், அதில் நிறங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மெல்ல மாறுகின்றன. கோடு அப்படியல்ல: இந்தப் பக்கம் கறுப்பு, அந்தப் பக்கம் வெள்ளை. அந்த விளிம்பைக் காட்டுவதற்குப் பிக்சல் பற்றாவிட்டால் அச்சில் பிசிறு தெரியும். 0.3 மில்லிமீட்டர் பேனாக் கோடு 300 டிபிஐ-யில் மூன்றரைப் பிக்சல் அகலம்தான் இருக்கும். 600-இல் 7 பிக்சல். கோடு மெலிகிற நுனியில் இது இன்னும் உறைக்கும்.

படத்தைப் பெரிதாக்கி அச்சடிக்கப் போகிறீர்களா? 300-இல் எடுத்ததை ஒன்றரை மடங்கு பெரிதாக்கினால் அது 200 ஆகிவிடும். தபால் அட்டை அளவில் வரைந்ததைப் பத்திரிகை ரேப்பருக்குப் போடுவதென்றால் 1200 வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனர் பெட்டியில் 9600, 19200 என்று போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் மென்பொருள் ஊகித்து நிரப்புவது. ஆப்டிகல் ரெசல்யூஷன் எவ்வளவு என்று பாருங்கள், அதுதான் நிஜம்.

கோப்பு கனக்கும் என்பது உண்மைதான். 600 டிபிஐ கலர் ஏ4 ஒரே லேயரில் (லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித் தாள் மாதிரி) 100 எம்பி தாண்டும், வண்ண லேயர்கள் சேரச் சேரப் பழைய கணினி முக்கும். அப்போது ஸ்கேனைத் தொடாமல் பத்திரப்படுத்திவிட்டு, அதன் நகலை 400-க்குக் குறைத்து வேலை செய்யுங்கள்.

கறுப்பு மைதானே, கலரில் ஸ்கேன் செய்வது எதற்கு?

கலர் ஸ்கேனுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கறுப்பு-வெள்ளைப் படங்கள் ஒளிந்திருக்கின்றன. சேனல் பட்டியலைத் திறந்தால் தனித்தனியாகப் பார்க்கலாம். நீலப் பென்சிலால் போட்ட முதல் வரைவு நீலச் சேனலில் ஏறக்குறைய மறைந்துபோகும். சிவப்புப் பென்சில் சிவப்புச் சேனலில் மறையும். தாள் பழுத்து மஞ்சளாகியிருந்தால் நீலச் சேனலில் அழுக்காகத் தெரியும், சிவப்புச் சேனலில் சுத்தமாக இருக்கும். எது சுத்தமோ அதை மட்டும் நகலெடுத்து வேலையைத் தொடங்குங்கள். ஸ்கேனிலேயே கிரே என்று எடுத்துவிட்டால் இந்த வசதி போய்விடும்.

ஸ்கேனர் மென்பொருளில் ‘பிளாக் அண்ட் ஒயிட்’ என்று ஒரு தேர்வு இருக்கும். அதில் நடுத்தரச் சாம்பலே கிடையாது, ஒன்று மை, இல்லாவிட்டால் தாள். 1200 டிபிஐ-யில் அது அச்சுக்கு நன்றாகவே வரும். 300-இல் எடுத்தால் கோடெல்லாம் படிக்கட்டாகிவிடும். அதோடு ஆட்டோ டோன், ஷார்ப்பன், டஸ்ட் ரிமூவல் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். புள்ளி வைத்து நிழல் போடுகிற பழக்கம் இருந்தால், டஸ்ட் ரிமூவல் உங்கள் புள்ளிகளையும் தூசி என்றே நினைத்துக்கொள்ளும்.

பென்சில் கோட்டை அழித்துவிட்டுத்தான் ஸ்கேன் செய்ய வேண்டுமா?

சாதாரணக் கறுப்புப் பென்சில் என்றால் ஆமாம், மை நன்றாகக் காய்ந்தபின். ஆனால் ரப்பரால் அழுத்தித் தேய்த்தால் மையின் மேல்பூச்சும் கொஞ்சம் கழன்று கறுப்பு வெளிறும். பிசைந்து ஒற்றியெடுக்கும் ரப்பர் தேவலை. அதைவிட நல்ல வழி, முதல் வரைவையே வெளிர்நீலப் பென்சிலில் போடுவது. இது கணினிக்கு முந்தைய அச்சுக்கூடத்துத் தந்திரம். அந்தக் கால பிராசஸ் கேமராவில் போட்ட ஃபிலிமுக்குச் சிவப்பு கறுப்பாகத் தெரியும், வெளிர்நீலமும் வெள்ளைத் தாளும் ஒரேபோலத் தெரியும். ஓவியர்களும் லேஅவுட் போடுகிறவர்களும் நீலத்தில் குறிப்பெழுதி, அழிக்காமலே கேமராவுக்கு அனுப்பிவிடுவார்கள். இப்போது அதே வேலையை நீலச் சேனல் செய்கிறது.

படம் ஏ3. என்னிடம் இருப்பது ஏ4 ஸ்கேனர்.

இரண்டு மூன்று துண்டாக எடுத்து ஒட்டுங்கள். அடுத்தடுத்த துண்டுகளில் குறைந்தது இரண்டு அங்குலமாவது பொதுவாக வர வேண்டும். தாளை ஒரே திசையில் நகர்த்துங்கள். சுழற்றி வைத்தால் ஸ்கேனர் விளக்கின் நிழல் விழும் பக்கம் மாறி, தாளின் சொரசொரப்பு ஒரு துண்டில் ஒருமாதிரி, இன்னொன்றில் வேறுமாதிரி தெரியும். எக்ஸ்போஷர் ஆட்டோவில் இருக்கவே கூடாது. ஃபோட்டோஷாப்பில் ஃபோட்டோமெர்ஜ் ஒட்டிக் கொடுக்கும், இலவசமாக ஹியூகின் இருக்கிறது. கையால் ஒட்டுவதானால் மேல் துண்டை மல்டிப்ளையில் (வெள்ளை மறைந்து அடியில் உள்ளது தெரியும் மோடு) வைத்து ஏதாவது இரண்டு கோடுகள் சேருமிடத்தைப் பொருத்திப் பாருங்கள்.

தாளின் பின்பக்கம் வரைந்தது தெரிகிறது.

தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டை வைத்து ஸ்கேன் செய்யுங்கள். முழுத் தாளும் சற்று இருண்டாற்போல வரும், அதை லெவல்ஸில் (கறுப்பு, வெள்ளை அளவுகளைச் சரிசெய்யும் கருவி) சரிசெய்துகொள்ளலாம்.

லெவல்ஸ் எப்படி வைப்பது? கோடு ஒன்று வெளிறுகிறது, இல்லாவிட்டால் அடைத்துக்கொள்கிறது.

இந்த வேலையில் நிதானம் வேண்டிய இடம் இதுதான். ஸ்கேனில் தாள் சுத்த வெள்ளையாக வராது. 255-க்கு 235, 240 என்று ஒரு மங்கல் வெள்ளையாக இருக்கும். மையும் சுத்தக் கறுப்பாக இல்லாமல் 30, 40 என்று நிற்கும். லெவல்ஸ் பெட்டியில் தெரியும் வரைபடத்தில் தாளுக்கு ஒரு மேடும் மைக்கு ஒரு மேடும் இருக்கும். வெள்ளைக் குமிழைத் தாளின் மேட்டுக்குச் சற்று இடப்பக்கம், உதாரணமாக 225-க்குக் கொண்டுவாருங்கள், தாள் வெளுத்துவிடும். கறுப்புக் குமிழை மையின் மேடு வரை, 40 பக்கம் நகர்த்துங்கள். அதோடு நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் என்று கை துறுதுறுக்கும்.

எவ்வளவு போதும் என்று பார்க்க, படத்தை 100 சதவீதத்தில் வைத்து இரண்டு இடத்தை மட்டும் கவனியுங்கள். ஒன்று, படத்திலேயே மெல்லிய கோடு. நம் படத்தில் சிறுமியின் இமை முடி. மற்றொன்று, நெருக்கமாகக் குறுக்குக் கோடு போட்ட இடம். நம் படத்தில் இளநீர்க் குலைக்கு அடியில் உள்ள நிழல். வெள்ளைக் குமிழ் அதிகம் நகர்ந்தால் இமை அறுந்து புள்ளி புள்ளியாகும். கறுப்புக் குமிழ் அதிகம் நகர்ந்தால் குலையடி நிழலில் கோடுகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளை மூடி, ஒரே கறுப்புத் திட்டாகும். இரண்டும் பிழைக்கிற இடம்தான் சரியான இடம். நிழல் மட்டும் இன்னும் அடைப்பாக இருந்தால் நடுக் குமிழைச் சற்றே இடப்பக்கம், கறுப்புக் குமிழை நோக்கித் தள்ளலாம்.

ஒவ்வொரு பிக்சலையும் முழுக் கறுப்பாகவோ முழு வெள்ளையாகவோ மாற்றிவிடும் திரெஷோல்டைத் தொடாதீர்கள். விளிம்பில் இருக்கும் சாம்பல் பிக்சல்கள்தான் கோட்டை வழவழப்பாகக் காட்டுகின்றன, திரெஷோல்டு அவற்றைத் துடைத்தெறிந்துவிடும். தூசியையும் மைத் தெறிப்பையும் பொறுக்கியெடுப்பது நல்லதுதான், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. நிப் சறுக்கிய தடம், மை சற்றுத் தேங்கிய முனை இதெல்லாம் இருக்கட்டும். ஒன்று விடாமல் சுத்தம் செய்த படத்தைப் பார்த்தால் கணினியில் வரைந்ததாகவே தோன்றுகிறது.

கோட்டைத் தனி லேயராக்குவது எப்படி?

எளிய வழி: ஸ்கேன் லேயரை மேலே வைத்து அதன் மோடை ‘மல்டிப்ளை’ ஆக்குங்கள். வெள்ளை மறைந்து கோடு மட்டும் நிற்கும், அடியில் புது லேயர் போட்டு வண்ணம் தீட்டலாம். பெரும்பாலான படங்களுக்கு இதுவே போதும்.

கோட்டுக்கு நிறம் மாற்ற வேண்டும் என்றால் வெள்ளையை நிஜமாகவே நீக்க வேண்டும். கிம்ப், கிருதா என்ற இரண்டு இலவச மென்பொருள்களிலும் ‘கலர் டு ஆல்ஃபா’ என்று ஒன்று உண்டு. வெள்ளையைத் தேர்ந்தெடுத்தால் தாள் போய் மை மட்டும் கண்ணாடிபோன்ற லேயரில் தங்கும். சாம்பல் பிக்சல்கள் பாதி ஊடுருவும் கறுப்பாக மாறுவதால் விளிம்பு கெடாது. ஃபோட்டோஷாப்பில் சேனலை கன்ட்ரோல் அழுத்திக் கிளிக் செய்து, தேர்வைத் தலைகீழாக்கி, புது லேயரில் கறுப்பு நிரப்பினால் அதே பலன். ஒரே நிறப் பகுதியை ஒரு கிளிக்கில் தேர்ந்தெடுக்கும் மேஜிக் வாண்டால் வெள்ளையைப் பிடித்து டெலீட் செய்வது மட்டும் வேண்டாம். கோட்டைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு நிற்கும்.

பக்கெட்டில் நிறம் கொட்டினால் கோட்டு ஓரத்தில் வெள்ளை இழை தெரிகிறதே?

கிளிக் செய்த பகுதியை நிரப்பும் கருவியான பக்கெட்டுக்கு விளிம்புச் சாம்பல் பிக்சல் எல்லாமே எல்லையாகத் தெரிவதுதான் காரணம். வெள்ளை முடிந்த இடத்தில் நின்றுவிடுகிறது. முன்னே சொன்ன கணக்கை இங்கே பயன்படுத்துங்கள்: கோடு 7 பிக்சல் அகலம், அப்படியானால் நிறம் கோட்டின் நடுப்பகுதி வரை உள்ளே போக 3 பிக்சல் வேண்டும். முதலில் மேஜிக் வாண்டால் அந்தப் பகுதியைப் பிடித்து, தேர்வை 3 பிக்சல் விரிவாக்கி, வண்ண லேயரில் நிரப்புங்கள். மேலே கறுப்புக் கோடு மூடிக்கொள்வதால் பக்கத்துப் பக்கத்து நிறங்கள் கோட்டுக்கு அடியில் சந்திப்பது யாருக்கும் தெரியாது. அச்சிலும் இது நல்லது.

இப்படி நிழல், வெளிச்சம் எதுவும் இல்லாமல் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே தட்டையான நிறம் நிரப்புவதை ஃபிளாட் என்பார்கள். இந்த லேயருக்கு மட்டும், விளிம்பைக் கலப்பு நிறத்தால் மழுக்கும் ஆன்டி-ஏலியாஸை அணைத்துவையுங்கள். நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் வெட்டினாற்போல இருந்தால், பிற்பாடு சிறுமியின் பாவாடை நிறம் பிடிக்கவில்லை என்று தோன்றும்போது ஒரே கிளிக்கில் பாவாடை முழுவதையும் பிடித்து மாற்றலாம். நான் ஃபிளாட்டில் பார்வைக்குக் கூசும் நிறங்களையே முதலில் போட்டுவிடுவேன். எது எதிலிருந்து பிரிகிறது என்பது தெரிந்தால் போதும், அழகு அப்புறம்.

கோடுகள் மூடாமல் இருக்கின்றன. நிறம் வெளியே வழிகிறது.

கோட்டு லேயரில் கை வைத்து இடைவெளிகளை அடைக்காதீர்கள். இடைவெளி விட்டு இழுத்த கோட்டில்தான் காற்று இருக்கிறது. கிம்ப்பில் 2019-இல் வந்த 2.10.10 பதிப்பிலிருந்து பக்கெட்டுக்குள் ‘லைன் ஆர்ட் டிடெக்ஷன்’ என்று ஒரு முறை உண்டு. சின்ன இடைவெளிகளைத் தானே மூடியதாக எண்ணிக்கொண்டு நிரப்பும். கிருதாவில் கலரைஸ் மாஸ்க்: ஒவ்வொரு பகுதியிலும் அந்தந்த நிறத்தில் ஒரு கீற்று கிறுக்கினால் மிச்சத்தை அது பரப்பிக்கொள்ளும். கிளிப் ஸ்டூடியோவில் ‘குளோஸ் கேப்’ இருக்கிறது. இவை கைவிடும் இடத்தில் லாசோவால் சுற்றி வரைந்து நிரப்புங்கள். பெரிய இடைவெளிக்கு லாசோதான் வேகம்.

சக்கரக் கம்பிகளுக்கும் இலைகளுக்கும் நடுவே எப்படி ஒவ்வொன்றாக நிரப்புவது?

நிரப்பவே வேண்டாம். சைக்கிள் சக்கரத்தில் கம்பிகளுக்கு நடுவே தெரிவது பின்னால் இருக்கும் தரை. தரையின் செம்மண் நிறத்தைச் சக்கரத்தின் அடியிலும் அப்படியே ஓடவிடுங்கள். டயருக்கும் ரிம்முக்கும் மட்டும் தனி நிறம். கம்பிகள் கோட்டு லேயரில் இருக்கின்றன, அவை தானே மேலே நிற்கும். வேப்பமரமும் அப்படித்தான். கிளை, இலை எல்லாம் சேர்த்து ஒரே பச்சைத் திரளாக லாசோவில் சுற்றுங்கள், இலைகளின் ஓரக் கோட்டைப் பின்பற்றக்கூட வேண்டாம். அதன்மேல் வெளிச்சம் படும் பக்கம் சில இடங்களில் மஞ்சள் கலந்த பச்சை, நடுநடுவே வானம் எட்டிப்பார்க்கும் ஓட்டைகள் ஏழெட்டு. கோடு ஏற்கெனவே இலை என்று சொல்லிவிட்டது, வண்ணம் அதையே திருப்பிச் சொன்னால் படம் இரைச்சலாகிவிடும்.

நிறம் எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் போட்டால் எல்லாம் ஒரே அடிதடியாக இருக்கிறது.

நிறத்துக்கு முன்னால் வெளிச்சத்தை முடிவு செய்யுங்கள். நம் படம் நடுப்பகல் மரநிழல். ஆகவே பின்னால் இருக்கும் சாலை பளீரென்று இருக்க வேண்டும், மரத்தடி அடங்கியிருக்க வேண்டும். ஃபிளாட் முடிந்ததும் எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு நிரப்பிய ஒரு லேயரை ‘கலர்’ மோடில் வையுங்கள். படம் முழுக்கச் சாம்பலாகிவிடும். அந்தச் சாம்பலில் பெரியவரும் வண்டியும் மரமும் பிரிந்து தெரிகிறார்களா? இல்லை என்றால் நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. லேயரை அணைத்து, சரிசெய்து, மறுபடி போட்டுப் பாருங்கள்.

நிழலுக்குக் கறுப்போ சாம்பலோ போடுவதுதான் அடிக்கடி பார்க்கிற தவறு. ஒரு மல்டிப்ளை லேயரில் நீலம் கலந்த ஊதாவை வெளிறலாகப் போட்டு, வெயில் விழும் இடங்களை மட்டும் அழிப்பானால் வட்ட வட்டமாக எடுத்துவிடுங்கள். வேப்பமர நிழல் தரையில் விழுந்துவிடும். வேட்டிக்குச் சுத்த வெள்ளை வேண்டாம். நிழலில் இருக்கும் வேட்டி வெளிர்நீலம்தான், வெயில் தொடுகிற ஓரம் மட்டும் தாளின் வெள்ளை. இளநீருக்கு எடுத்த எடுப்பில் கிளிப்பச்சை போடாமல் மஞ்சளும் கொஞ்சம் பழுப்பும் கலந்துகொள்ளுங்கள்.

தோல் நிறம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மென்பொருளோடு வரும் நிறத்தட்டுகளில் தோல் என்று இருப்பது அநேகமாக வெளிறிய பீச் நிறம். அதைப் போட்டால் இளநீர்க்காரர் வேறு எந்த ஊர்க்காரராகவோ ஆகிவிடுவார். நல்ல அடர்பழுப்பில் தொடங்குங்கள். நிழல் பக்கத்துக்குக் கறுப்பு சேர்க்காமல் செந்நீலத்தின் பக்கம் தள்ளுங்கள், நெற்றியிலும் கன்னத்திலும் வானத்து வெளிச்சத்துக்காக ஒரு குளிர்ந்த மினுக்கம். கறுப்பு சேர்த்த பழுப்பு அச்சில் கரி பூசியதுபோல விழும்.

கறுப்புக் கோட்டுக்கே நிறம் கொடுக்கலாமா?

தூரத்தில் இருப்பதற்கும் மெதுவாகத் தெரிய வேண்டியதற்கும் கொடுக்கலாம். கோட்டு லேயரில் ஆல்ஃபாவைப் பூட்டிவிட்டு (அப்போது வெற்றிடத்தில் நிறம் படாது), பின்னால் தெரியும் வீடுகளின் கோட்டின் மேல் சாம்பல் நீலத்தைப் பூசினால் அவை பின்னுக்குப் போய்விடும். முன்னால் இருக்கும் முகங்களின் கோட்டை விட்டுவிடுங்கள். எல்லாக் கோட்டுக்கும் நிறம் கொடுத்தால் பேனாவில் வரைந்ததற்கே அர்த்தமில்லை.

மவுஸால் முடியுமா? எந்த மென்பொருள்?

ஃபிளாட் வரை மவுஸ் போதும். நிழல், வெளிச்சம் தீட்ட அழுத்தம் உணரும் பேனா டேப்லெட் வேண்டும்; சின்ன அளவே போதுமானது. கிருதா, கிம்ப் இரண்டும் இலவசம். தீட்டுவதற்குக் கிருதா இன்னும் கைக்கு இசைவாக இருக்கிறது, அச்சுக்கு சிஎம்ஒய்கே-யிலும் (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மை முறை) வேலை செய்ய விடுகிறது. ஐபேடில் புரோகிரியேட் வைத்திருந்தால் கோட்டு லேயரை ‘ரெஃபரன்ஸ்’ ஆக்கிவிட்டு அடி லேயரில் நிறத்தை இழுத்துப் போடலாம்.

திரையில் பிரமாதமாக இருந்த படம் அச்சில் ஏன் மங்குகிறது?

திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு நான்கையும் எப்படிக் கலந்தாலும் எட்ட முடியாத நிறங்கள் திரையில் உண்டு. பளபளக்கும் நீலம், மின்னும் பச்சை, தீயான ஆரஞ்சு மூன்றும்தான் முதலில் அடிபடும். திரையின் சுத்த நீலம் அச்சில் கத்தரிப்பூ நிறமாகிவிடும். வேலையைத் தொடங்கும்போதே, அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் புரூஃப் போட்டு வைத்துக்கொண்டால் கடைசி நேரத்து ஏமாற்றம் இல்லை. தாளும் முக்கியம். ஆர்ட் பேப்பரில் மை மேலேயே நிற்கும். பூச்சில்லாத மேப்லித்தோ தாள் உறிஞ்சிவிடும், நியூஸ் பிரிண்ட் இன்னும் மோசம், அதில் புள்ளிகள் பரந்து நிழலெல்லாம் இருண்டுவிடும். அந்தத் தாள்களுக்கு நடுத்தர நிறங்களை முன்கூட்டியே ஒரு படி வெளிறவிடுங்கள். மொத்த மை அளவு (ஓரிடத்தில் நான்கு மைகளின் சதவீதங்களையும் கூட்டினால் வருவது) எவ்வளவு தாங்கும் என்று அச்சகத்தில் கேட்டுவிடுங்கள்; ஆர்ட் பேப்பருக்கு 300 சதவீதம், நியூஸ் பிரிண்டுக்கு 240 என்பது பொதுவான வரம்பு.

அச்சில் கறுப்புக் கோட்டைச் சுற்றி சிவப்பும் நீலமுமாக நிழல் தட்டுகிறது.

ரெஜிஸ்டர் அவுட், அதாவது நான்கு மைக்கான பிளேட்டுகளும் (அச்சுத் தகடுகள்) சரியாக ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை. ஆனால் பாதிப் பழி நம் கோப்பின் மேல்தான். ஆர்ஜிபி-யில் (திரையின் சிவப்பு, பச்சை, நீல முறை) இருக்கும் கறுப்பை அப்படியே சிஎம்ஒய்கே-க்கு மாற்றினால் கறுப்பு மையோடு நிற்காது. ஃபோட்டோஷாப்பில் வழக்கமாக இருக்கும் அமெரிக்க செட்டிங்கில் அது சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நான்கு மையிலும் விழும். நான்கு பிளேட்டும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால்தான் கோடு சுத்தமாக இருக்கும். பிளேட் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே 0.3 மில்லிமீட்டர் கோட்டில் மூன்றில் ஒரு பங்கு வெளியே எட்டிப்பார்க்கும். சிவகாசியில் எவ்வளவு நல்ல மெஷினில் ஓட்டினாலும் இந்த அளவு நகர்வுக்கு இடம் வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

தீர்வு இது: வண்ண லேயர்களை மட்டும் தனியாக சிஎம்ஒய்கே-க்கு மாற்றுங்கள். கோட்டு லேயரை அந்தக் கோப்புக்குள் கொண்டுவந்து சயான் 0, மெஜந்தா 0, மஞ்சள் 0, கறுப்பு 100 என்று நிரப்பி, மல்டிப்ளையில் வையுங்கள். கோடு கறுப்பு பிளேட்டில் மட்டும் இருக்கும். வண்ணங்கள் அதன் அடியிலும் தொடர்வதால் பிளேட் நகர்ந்தாலும் வெள்ளை தெரியாது. சிறுமியின் கூந்தல் மாதிரி பெரிய கறுப்புப் பரப்புகள் மட்டும் கறுப்பு மையில் சற்றுச் சோகையாக இருக்கும். அதன் அடியில் வண்ண லேயரில் சயான் 60, மெஜந்தா 40 போட்டு வையுங்கள், முடி கருகருவென்று வரும்.

பழைய பத்திரிகையில் வந்த ஓவியத்தை ஸ்கேன் செய்து வண்ணம் தீட்டலாமா?

தொழில்நுட்பமாகப் பார்த்தால், அச்சான படத்தில் சாம்பல் என்பதே கறுப்புப் புள்ளிகள். அவை ஸ்கேனரின் பிக்சல் வரிசையோடு மோதிப் பட்டுச் சேலை மாதிரி அலை அலையாகத் தெரியும். ஸ்கேனரில் இந்தப் புள்ளிகளை மறைக்கும் ‘டிஸ்கிரீன்’ போடுங்கள், அல்லது 600-க்கு மேல் எடுத்து, லேசாக மங்கலாக்கி, பிறகு சிறிதாக்குங்கள். வெறும் கோட்டுப் படத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது.

உரிமை வேறு விஷயம். இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு, இறந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து கணக்கு. ஓவியர் கோபுலு மறைந்தது 2015-இல். ஆகவே அவர் படங்களுக்கு 2075 முடியும் வரை உரிமை இருக்கிறது. பத்திரிகையில் வேலை பார்த்துக்கொண்டு வரைந்தது என்றால் உரிமையாளர் பத்திரிகையாகவும் இருக்கலாம். இலங்கையில் 70 ஆண்டுகள். வீட்டில் பழகுவதற்கு யாரும் கேட்கப் போவதில்லை, வெளியிடுவதானால் அனுமதி வேண்டும். என் விருப்பத்தைக் கேட்டால், கறுப்பு வெள்ளைக்கென்றே கோட்டால் நிழல் கட்டிய படத்தில் வண்ணத்துக்கு இடமே இருக்காது.

ஏஐ-யிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் வண்ணம் போட்டுவிடுமே?

போட்டுவிடும், கோட்டையும் சேர்த்து மாற்றி வரைந்துவிடும். சிறுமியின் விரல்களை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். பகுதி பிரித்து ஃபிளாட் நிரப்பும் கருவிகளை நான் தயங்காமல் பயன்படுத்துவேன், படத்தையே திருப்பி வரைகிறவற்றை அல்ல.

கோப்பை அச்சகத்துக்கு எப்படி அனுப்புவது?

டிஃப் அல்லது பிடிஎஃப். ஜேபெக் கோட்டைச் சுற்றிக் கொசுக் கூட்டம்போலப் பிசிறு கிளப்பும், சேமிக்கச் சேமிக்க அதிகமாகும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். அவசரத்துக்கு அதில்தான் அனுப்ப வேண்டும் என்றால் டாக்குமென்டாக இணையுங்கள். முதல் ஸ்கேன், லேயர் உள்ள கோப்பு, அச்சுக் கோப்பு மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும்.

இணையத்தில் போடச் சிறிதாக்கினால் மெல்லிய கோடெல்லாம் காணாமல் போகிறது.

7016 பிக்சல் உயரத்தை 1600-க்குக் குறைத்தால், 7 பிக்சல் கோடு ஒன்றரைப் பிக்சலாகிறது. பக்கத்து வெள்ளையோடு கலந்து சாம்பலாகிவிடும். சிறிதாக்குவதற்கு முன் நகல் கோப்பில் கோட்டு லேயரை ஒருமுறை இரட்டிப்பாக்கி மல்டிப்ளையில் மேலே வையுங்கள், விளிம்புச் சாம்பல் இருண்டு கோடு கொஞ்சம் தடிக்கும். அதிகமாகத் தெரிந்தால் அந்த லேயரின் ஒபேசிட்டியைப் பாதியாக்குங்கள். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக்கி, இணையத்துக்கான எஸ்ஆர்ஜிபி நிற முறையில் வைத்து, அளவைக் குறைத்து பிஎன்ஜி-யாகச் சேமியுங்கள். குலையடி நிழல் அந்த அளவில் அடைத்துக்கொண்டால், அந்த இடத்தில் மட்டும் இரட்டிப்பு லேயரை மாஸ்க் போட்டு மறைத்துவிடலாம்.